வண்டு வந்த வீடு

செனோபியோவின் காலில் கலப்பை இறங்கியது உருளைக்கிழங்கு நடவின் மூன்றாம் நாளில். அந்தச் சரிவில் மாடு நிற்காது, மனிதன்தான் உழ வேண்டும். கலப்பை என்றால் ஆள் உயரக் கம்பு, நுனியில் இரும்பு, மிதிப்பதற்கு ஒரு குறுக்குக் கட்டை. ஆண்கள் மிதித்து மண்ணைப் பெயர்ப்பார்கள். எதிரே மண்டியிட்ட பெண்கள் பெயர்ந்த கட்டியைக் கையால் புரட்டிப் போடுவார்கள். அன்று அவனுக்கு எதிரே மண்டியிட்டிருந்தவள் அவன் மனைவி மெல்ச்சோரா. இரும்பு கல்லில் பட்டு வழுக்கி, டயர்ச் செருப்பைக் கிழித்துக்கொண்டு அவன் இடது பாதத்திலேயே இறங்கியதை அவள் ஒரு முழத் தூரத்தில் இருந்து பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல," என்றான் அவன். "கொக்கா இலையை மென்னு வெச்சுக் கட்டு. இந்த வரிசையை முடிச்சிடலாம்."

முடித்தார்கள். அந்த ஊர் ஆண்களின் புத்தி அப்படி. காலில் ஓட்டை விழுந்தாலும் விழலாம், வரிசையில் ஓட்டை விழக் கூடாது.

காயம்பட்ட ஆறாம் நாள் பாதம் பிசைந்து வைத்த மாவு மாதிரி உப்பியிருந்தது. கணுக்காலுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு முழங்காலை நோக்கி ஏறியது. கட்டைப் பிரித்தால் வாடை வந்தது. கீழே ஆற்றங்கரை ஊரில் மருந்து நிலையம் இருந்தது, நர்ஸ் இருந்தாள், ஊசி இருந்தது. சாலை மட்டும் இல்லை. இறங்க ஐந்து மணி நேரம் ஆகும். நடக்க முடியாதவனை ஏணியில் கட்டி நாலு பேர் தோளில் சுமந்துபோக வேண்டும். மெல்ச்சோராவுக்கு அந்த நாலு பேரைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நடவுக் காலத்தில் நாலு ஆண்களைக் கேட்பது லேசான காரியமா? முதலில் கணவனின் அண்ணன் அம்புரோசியோவிடம் போனாள். அவன் வீடு முப்பது தப்படி தூரத்தில் இருந்தது.

"போய்ட்டு வர ரெண்டு நாள் ஆயிடுமே, மெல்ச்சோரா," என்றான் அவன், கலப்பை இரும்பைக் கல்லில் தீட்டிக்கொண்டே.

"உங்க கூடப் பொறந்தவர்தானே, தைத்தா." மூத்த ஆண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கூடப் பொறந்தவன்தான். அதான் யோசிக்கிறேன். இல்லன்னா முடியாதுன்னு முதல்லயே சொல்லியிருப்பேனே."

யோசித்துவிட்டு வருவதாகச் சொன்னான். பிறகு பாஸ்குவாலிடம் போனாள். அவனுக்குச் செனோபியோ போன வருஷம் மூன்று நாள் சுவர் எழுப்பிக் கொடுத்திருந்தான். இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு என்பது அந்த ஊரின் சட்டம், அதை யாரும் எழுதி வைப்பதில்லை, மறப்பதும் இல்லை. பாஸ்குவால் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒப்புக்கொண்டான். தன் இரண்டு மைத்துனர்களையும் மேல் கரையிலிருந்து வரச் சொல்வதாகச் சொன்னான். அம்புரோசியோவையும் சேர்த்தால் நாலு ஆகிவிட்டது. மெல்ச்சோரா வீட்டுக்கு வந்து, ஏணியில் போர்வையைக் கட்டிவிட்டு, வாசலில் உட்கார்ந்து அழுதாள். நிம்மதியில் வந்த அழுகைதான்.

இந்த இடத்தில் வண்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அந்த மலையில் ஒரு கருவண்டு உண்டு. ஊரார் அதை வைருங்கு என்பார்கள். உடம்பெல்லாம் ஆட்டுக்குட்டி போல ரோமம், கழுத்தில் வெளிறிய மஞ்சள் பட்டை, வாலில் செம்மண் நிறம். தேனீயே ஏறி வராத குளிரில் அது மட்டும் பறக்கும். விடியற்காலையில் உறைபனிப் புல்லில் உட்கார்ந்து, உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு, அப்புறம் வேலைக்குக் கிளம்பும். வயலில் அதைக் கண்டால் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். அது வராவிட்டால் மொச்சைப் பூ காய்க்காது என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குள் கண்டால் கதை வேறு. வீட்டுக்குள் நுழைந்து சுவரைச் சுற்றி முனகினால் அது யாரையோ கூப்பிட வந்திருக்கிறது. கூப்பிடப்பட்டவனை மருந்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது வீண் வேலை, அதோடு தூக்கினவன் தோளிலும் சாவு ஒட்டிக்கொள்ளும். ஒருவனைச் சுமக்க நாலு பேர் வேண்டிய ஊரில், அவன் சாவைச் சொல்ல ஒரு வண்டு போதுமாக இருந்தது.

மெல்ச்சோரா மட்டும் இதற்கு விலக்கா என்ன? பாஸ்குவாலின் அம்மா மூச்சிரைத்துக் கிடந்தபோது வண்டு வந்தது. ஏணியை எடுத்த ஆண்களிடம், "பாவம், அவங்களை அலைக்கழிக்காதீங்க, நிம்மதியா போகட்டும்" என்று சொன்னவளே மெல்ச்சோராதான். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

மறுநாள் காலை. செனோபியோ இரவெல்லாம் காய்ச்சலில் புலம்பிவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். மண்மேடைப் படுக்கையில் ஆட்டுத்தோலின் மேல் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். மெல்ச்சோரா வாற்கோதுமைக் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். திறந்த கதவு வழியாக அது வந்தது.

பெரிய வண்டு. அவள் கட்டை விரல் பருமன் இருக்கும். வந்தது நேராகச் சுவரோரம் போய் ஒவ்வொரு விரிசலாக முகர்ந்து பார்த்தது. படுக்கைக்கு மேலே, செனோபியோவின் தலையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பழைய எலிப் பொந்து ஒன்று இருந்தது. அதற்குள் தலையை விட்டது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது.

மெல்ச்சோரா துரத்திவிடலாம் என்று கையை ஓங்கினாள். அதே நேரம் வாசல் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. அம்புரோசியோவும் பாஸ்குவாலும் சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். இப்போது துரத்தினால் வண்டு அவர்கள் முகத்துக்கு நேரேதான் வெளியே போகும். வீட்டிலிருந்து வெளியே வரும் வண்டைப் பார்த்தவன் உள்ளே காலெடுத்து வைப்பானா? அடித்துக் கொல்லலாம். தூது வந்ததைக் கொன்றால் அடுத்த தூது கொன்றவளுக்கு வரும். அவளும் அந்த ஊர்க்காரிதானே, கை எழவில்லை.

மூலையில் சிச்சா என்னும் சோளக்கள் ஊற்றும் மண்குடுவை ஒன்று இருந்தது. குறுகிய கழுத்து, பருத்த வயிறு. அதை எடுத்துப் பொந்தின் வாயில் பொருத்திப் பிடித்தாள். வண்டு வெளியே வர நகர்ந்தது, பொத்தென்று உள்ளே விழுந்தது. ஒரு பிடி ஆட்டு ரோமத்தை உருட்டி வாயை அடைத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. நிழல் வாசலில் விழுந்தது. குடுவையை வேறெங்கும் கொண்டுபோக நேரமில்லை. செனோபியோவின் தலைமாட்டில், தோலுக்கும் சுவருக்கும் நடுவே செருகி, மேலே அவன் மேலங்கியைப் போட்டு மூடினாள்.

"எப்படி இருக்கான்?" என்று கேட்டுக்கொண்டே அம்புரோசியோ குனிந்து உள்ளே வந்தான்.

"தூங்கறாரு. எழுப்பாதீங்க. அப்படியே தூக்கிடலாம்."

"மச்சானுங்க வரணுமே," என்றான் பாஸ்குவால். "ரெண்டு பேர் தூக்கினா அது ஏணி இல்ல, தள்ளுவண்டி."

உட்கார்ந்தார்கள். அந்த ஊரில் எந்த வேலையும் உட்காராமல் தொடங்காது. மெல்ச்சோரா சிச்சா ஊற்றினாள். முதல் சொட்டைத் தரைக்கு விட்டுவிட்டுக் குடித்தார்கள். இலைப் பையைப் பிரித்து, நல்ல இலையாக மூன்று பொறுக்கி, மலைச் சாமியைப் பார்த்து ஊதி, வாயில் ஒதுக்கினார்கள்.

குடுவை முனகத் தொடங்கியது.

மண்குடுவைக்குள் வண்டு எழுப்பும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். பெரிய வயிறு அதை வாங்கி, குறுகிய கழுத்து அதை நெரித்து, தூரத்தில் யாரோ வாயை மூடிக்கொண்டு அழுகிற மாதிரி வெளியே விடும். மெல்ச்சோரா சட்டென்று அரைகல்லின் முன் உட்கார்ந்து, கையில் கிடைத்த வாற்கோதுமையைக் கொட்டி, கடகடவென்று அரைக்க ஆரம்பித்தாள்.

"இந்த நேரத்துல என்ன அரைப்பு?" என்றான் பாஸ்குவால்.

"வழிக்கு மாவு வேணாமா?"

"அஞ்சு மணி நேர வழிக்கா? ஊரையே கூட்டிட்டுப் போற மாதிரி அரைக்கறியே."

"நீங்க திங்கறது எனக்குத் தெரியாதா?"

அம்புரோசியோ சிரித்தான். அவளும் சிரித்தாள். கை மட்டும் நிற்கவில்லை. பொழுது ஏறிற்று. மைத்துனர்கள் வரவில்லை. அவள் பாட்டுப் பாடினாள், இருமினாள், கோழியை விரட்டினாள், மறுபடி அரைத்தாள். வாற்கோதுமை மாவாகி, மாவு தூசாகி, கல்லோடு கல் உரசிற்று. ஒரு மணி நேரம் கழித்து மைத்துனர்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கும் சிச்சா. அதை ஊற்ற அவள் எழுந்தே ஆக வேண்டியிருந்தது. கல் நின்றது.

"அது என்ன சத்தம்?" என்றான் மைத்துனர்களில் ஒருவன்.

"என்ன சத்தம்?"

"நான் சொல்றேன்," என்றது படுக்கையிலிருந்து ஒரு குரல். செனோபியோவின் கண் திறந்திருந்தது. எவ்வளவு நேரமாகத் திறந்திருந்ததோ. "ரொம்ப நேரமா கூப்பிடுது. காதுக்குப் பக்கத்துலயே. நான்தான் பேசாம கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அம்புரோசியோ எழுந்து போய் மேலங்கியை விலக்கினான். குடுவையைப் பார்த்தான். அடுத்து மெல்ச்சோராவைப் பார்த்தான். ரோமத்தைப் பிடுங்கினான். வண்டு மெதுவாகக் கழுத்து வழியே ஏறி வந்தது, விளிம்பில் உட்கார்ந்து நடுங்கியது, பறந்தது. நாலு ஆண்களும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அது அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராகச் செனோபியோவின் தலைக்கு மேலிருந்த பொந்துக்குள் போய்விட்டது.

"மறைச்சியே," என்றான் அம்புரோசியோ.

"அது பொந்து பாத்து வந்துச்சு, தைத்தா. புடிச்சு அடைச்சுட்டேன். வெளிய வரணும்னு கத்துச்சு. அவ்வளவுதான். கூப்பிடல."

"என் அம்மாவுக்கு வந்தப்ப நீ இப்படிச் சொல்லலயே," என்றான் பாஸ்குவால். கோபமாக இல்லை, ஞாபகமாகத்தான் சொன்னான்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. தூக்கச் சொல்லுங்க. ஒரு ஊசி, ரெண்டு ஊசி. காலே போனாலும் போகட்டும்."

"எங்கப்பாவுக்கு ஒரே ஒரு தடவை முனகிட்டுப் போயிடுச்சு," என்றான் செனோபியோ. அவன் முகத்தில் பெருமை மாதிரி ஏதோ இருந்தது. அவளால் அதைத்தான் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. "என்னைக் காலைல இருந்து விடாம கூப்பிடுது. வழியில செத்தா வழியிலயே அலையணும். கீழ செத்தா அறுத்துப் பாப்பாங்க. வேணாம் மெல்ச்சோரா. என் வீட்லயே இருக்கேன்."

"கூப்பிட்டா எழுந்து போயிடுவியா நீ? நான் இத்தனை வருஷமா கூப்பிடறேன், ஒரு தடவை வந்திருக்கியா?" கோபம் வந்தால் அவள் வாயில் மரியாதை நிற்காது. "யோவ், அது குடுவைக்குள்ள மூச்சு முட்டிக் கத்துச்சுய்யா. நான்தான் அடைச்சேன்."

அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். பாஸ்குவால் ஏணியிலிருந்து போர்வையை அவிழ்த்து, ஒழுங்காக மடித்து, வாசலில் வைத்தான். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு நாலு பேரும் போனார்கள். நடவு பாக்கி இருந்தது.

செனோபியோ ஒன்பது நாள் கிடந்தான். தினமும் அவள் கேட்டாள், கெஞ்சினாள், ஒரு நாள் அவன் நெஞ்சில் குத்தினாள். கால் தொடை வரை கறுத்தது. நல்ல சட்டையைப் போட்டுவிடச் சொன்னான், போட்டாள். பத்தாம் நாள் காலையில் போய்விட்டான். ஊரே திரண்டு வந்தது. கொம்பு ஊதினார்கள். தன் நாளைத் தெரிந்துகொண்டு, முணுமுணுக்காமல் போன மனுஷன் என்று பேசினார்கள். அவன் போன ஐந்தாம் நாள் அவன் துணிகளை ஆற்றில் துவைக்கப் போனபோது துவைக்க வேண்டிய துணியைவிடத் துவைக்க வந்த கைகள் அதிகமாக இருந்தன. அவள் கிழங்கு வயலுக்கு மண் அணைக்க அவள் கேட்காமலே பதினைந்து பேர் வந்தார்கள். ஆளைத் தூக்க வராத தோள்கள் எல்லாம் மண்ணைத் தூக்க வந்தன. ஊர்க் கூட்டத்தில் முதல் கிண்ணம் அவளுக்குத்தான்.

அவள் குடித்தாள். வேறென்ன செய்ய?

டிசம்பர் கடைசியில், மழை விட்ட ஒரு காலை, பொந்திலிருந்து ஒரு சின்ன வண்டு வெளியே வந்தது. தாயில் பாதி கூட இல்லை. பின்னாலேயே இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது ஒன்று காலில் மஞ்சள் மகரந்தத்தோடு கதவு வழியே உள்ளே வந்து, அவளைச் சட்டைசெய்யாமல், பொந்துக்குள் நுழைந்தது. மெல்ச்சோரா கஞ்சியை மறந்து உட்கார்ந்து எண்ணினாள். மத்தியானத்துக்குள் பதினொன்று. பதினொரு சாவுக்கு அந்த வீட்டில் ஆளே கிடையாது. அந்தப் பெரிய வண்டு குடியிருக்க இடம் தேடி வந்திருக்கிறது, அவ்வளவுதான். சும்மா விட்டிருந்தால் பொந்தைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கும். செனோபியோ தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவன் காதில் அதைக் கொண்டுபோய் வைத்தது அவள் கை.

வெந்நீர் போட்டாள். பொந்தில் ஊற்றிவிடலாம் என்றுதான். நீர் கொதித்து, தளதளத்து, பாதியாகச் சுண்டியது. ஊற்றவில்லை. ஊற்றினால் குற்றம் அவற்றுடையது என்று ஆகிவிடும்.

கூரைப் புல் மாற்ற வந்த அம்புரோசியோ அவற்றைப் பார்த்தான். கண் கலங்கித் தொப்பியைக் கழற்றினான்.

"தம்பி வீட்டை விட்டுப் போகல, பாரு," என்றான். "குடும்பத்தோட இருக்கான்." சுவருக்கு ஒரு கிண்ணம் சிச்சா ஊற்றிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"எலிப் பொந்துல வண்டு கூடு கட்டியிருக்கு, தைத்தா."

"கட்டும். எந்த வீட்ல கட்டணும்னு அதுக்குத் தெரியும்ல."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? செத்தவனுக்கு ஊர் ஒரு பெயர் கொடுத்திருக்கிறது. அதையும் பிடுங்கினால் அவனுக்கு மிச்சம் ஒரு அழுகிய கால்தான்.

பிப்ரவரியில் மொச்சை பூத்துக் கிடந்தது. அம்புரோசியோவின் மருமகள் செவெரினாவுக்கு வலி எடுத்து இரண்டு நாள் ஆகியும் பிள்ளை வரவில்லை. பேறு பார்க்கும் தொரிபியா வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "குறுக்கால கெடக்கு. என் கையில ஆகாது. இன்னைக்கே கீழ கொண்டு போங்க, நாளைக்குன்னா என்னைக் கேக்காதீங்க" என்றாள். செவெரினாவின் புருஷன் குஸ்கோ நகரத்தில் கட்டட வேலையில் இருந்தான். அம்புரோசியோ ஆள் சேர்த்தான். பாஸ்குவால் வந்தான், மைத்துனர்கள் வந்தார்கள். ஏணியில் போர்வை கட்டினார்கள்.

சிறிது நேரத்தில் அம்புரோசியோ மெல்ச்சோராவின் வாசலில் நின்றான். முப்பது தப்படி தூரத்துக்கு அப்படி மூச்சு வாங்க வேண்டியதில்லை.

"ஒரு வார்த்தை நீ வந்து சொல்லணும், மெல்ச்சோரா."

"என்ன வார்த்தை?"

"வீட்டுக்குள்ள வண்டு வந்துடுச்சு. எல்லாரும் பாத்துட்டானுங்க. கயித்தைக் கீழ போட்டுட்டானுங்க." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பொந்தைப் பார்த்தான். "சின்ன வண்டு அது. உன் சுவத்துல இருக்கறதுல ஒண்ணு. வழி தவறி வந்துடுச்சு. நான் சொன்னா, மருமகளுக்காகச் சொல்றான்கிறாங்க. நீ சொன்னா கேப்பாங்க."

"என் சுவத்துல இருக்கறது உங்க தம்பின்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"இப்ப?"

"இப்ப வண்டுங்கறேன்," என்றான் அவன்.

அவள் உடனே எழுந்துவிட்டாள் என்று சொன்னால் பொய். உட்கார்ந்தே இருந்தாள். அவன் நிற்க, அவள் உட்கார்ந்திருந்தது அவளுக்கு இனித்தது. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போன முதுகு இதுதான். இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று நினைத்தாள். அப்போது அந்த வீட்டிலிருந்து செவெரினாவின் குரல் வந்தது. கத்தக்கூடத் தெம்பில்லாத, ஆடு மாதிரியான குரல். மெல்ச்சோரா சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

முற்றத்தில் ஆண்கள் இலையைக்கூட மெல்லாமல் நின்றார்கள்.

"அது என் வீட்டு வண்டு," என்றாள் மெல்ச்சோரா. "இருபது முப்பது இருக்கு. தெனம் மொச்சைக்குப் போயிட்டு வருது. ஒண்ணு வாசல் மாறி நுழைஞ்சிடுச்சு. எந்திரிங்க, தூக்குங்க."

"உன் வீட்டுது சும்மா வண்டா?" என்றான் பாஸ்குவால். "செனோபியோவைக் கூப்பிட்டுச்சே."

"கூப்பிடல."

"கூப்பிடலயா?"

இங்கே நிறுத்திக்கொள்ள முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. பாதி உண்மைக்கு இவர்கள் கயிற்றை எடுக்க மாட்டார்கள். "கூடு கட்ட பொந்து பாத்து வந்துச்சு. அவரு தூங்கிட்டு இருந்தாரு, பாக்கவே இல்ல. நான் புடிச்சுக் குடுவையில அடைச்சுத் தலைமாட்டுல வெச்சேன். உள்ள கெடந்து கத்துச்சு. அவரு தன்னைக் கூப்பிடுதுன்னு நெனச்சுட்டாரு."

"எதுக்கு அடைச்ச?"

"நீங்க பாத்தா தூக்க மாட்டீங்கன்னு."

தானும் பயந்தாள் என்பதை அவள் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பயம் இப்போது இவர்கள் காலைக் கட்டும்.

"அப்ப அவன் எதுக்குச் செத்தான்?" என்றான் பாஸ்குவால். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"கால் அழுகிச் செத்தாரு. சும்மா செத்தாரு."

ஊர் கொடுத்த பெயர், கொம்பு ஊதின சாவு, முதல் கிண்ணம், எல்லாவற்றையும் தன் வாயாலேயே மண்ணில் கொட்டினாள். தொரிபியாதான் உள்ளே இருந்து, "கேட்டுட்டீங்கல்ல? மரமா நிக்காம வாங்க" என்று அதட்டினாள். பாஸ்குவால் குனிந்து கயிற்றை எடுத்தான். செவெரினாவை ஏணியில் வைத்துக் கட்டி, மழைத் தூறலில் இறங்கினார்கள். அவர்கள் வளைவில் மறையும் வரை மெல்ச்சோரா பார்த்துக்கொண்டு நின்றாள். ஏணியில் ஒருவரைச் சுமந்துபோவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று நினைத்தாள்.

நாலாம் நாள் அம்புரோசியோ திரும்பி வந்தான். மருந்து நிலையத்திலிருந்து வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே வயிற்றைக் கிழித்து எடுத்தார்களாம். ஆண் பிள்ளை. தாயும் பிழைத்துக்கொண்டாள். கீழே இருந்து ஒரு பை நிறைய ரொட்டி வாங்கி வந்து மெல்ச்சோராவின் முன்னால் வைத்தான். அவள் சந்தோஷப்பட்டாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அவனுக்குக் கிழங்கு அவித்துக் கொடுத்தாள். அவன் ஒவ்வொன்றாகத் தோலை உரித்துத் தின்றான்.

"வழியெல்லாம் அதான் பேசிக்கிட்டுப் போனோம்," என்றான் கடைசியில்.

"எதை?"

"நீ அன்னைக்கு அந்தக் குடுவையை அடைக்காம இருந்திருந்தா என் தம்பி இன்னைக்கு இருந்திருப்பான்."

அவள் அடுப்பை ஊதினாள். நெருப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க நாலு பேர் தூக்கியிருந்தாலும் இருந்திருப்பாரு."

"நாங்க எப்படித் தூக்குவோம்? எங்களுக்கு அது கூப்பிட வந்த வண்டு. தெரியாதவங்க நாங்க." அவன் குரலில் பகை இல்லை. கணக்கு சரியாக வந்துவிட்டவனின் நிதானம் இருந்தது. "உனக்குத்தான் அது வெறும் வண்டுன்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சவ நீ ஒருத்திதான், மெல்ச்சோரா. பாஸ்குவாலும் அதான் சொல்றான். எல்லாரும் அதான் சொல்றாங்க."

அவள் வாயைத் திறந்தாள். எனக்கும் தெரியாது, நானும் உங்களை மாதிரியே நடுங்கினேன், நம்பினதால்தான் மறைத்தேன் என்பதெல்லாம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அவள் பழி பாதி குறையும். ஆனால் முற்றத்தில் அன்று அவள் சொன்ன சொல்லும் கூடவே செல்லாக்காசாகிவிடும். அவளே அதைக் கூப்பிட வந்த வண்டு என்றுதானே நம்பினாள் என்பார்கள். அடுத்த வீட்டில் அடுத்தவருக்கு முடியாமல் போய், அடுத்த வண்டு உள்ளே வந்தால், ஏணி மறுபடியும் சுவரில்தான் சாய்ந்திருக்கும்.

"ஆமா," என்றாள் மெல்ச்சோரா. "எனக்குத் தெரியும். நான்தான் அடைச்சேன்."

அம்புரோசியோ பாவம் என்பது போலத் தலையை ஆட்டினான். பிறகு பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து, பாதியாகப் பிட்டு, பெரிய பாதியை அவள் பக்கம் நீட்டினான்.